மேலே ஒரு ரூம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். வந்தபோது அவர் கழுத்தின் மேல் மச்சினனுடைய கால் கிடந்தது.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. செக்யூரிட்டி வேலை, நைட் ஷிஃப்ட். இரவெல்லாம் ஊரார் சொத்தைக் காவல் காத்துவிட்டு, பகலில் அக்கா வீட்டுத் தரையில் தன் கை கால்களை யாருடைய காவலும் இல்லாமல் நாலு திசைக்கும் அவிழ்த்துவிட்டுத் தூங்குவான். "பத்து நாள் இருந்துட்டுப் போயிடறேன் மாமா" என்று வந்தவன். பல வருஷமாகியும் அந்தப் பத்து நாள் முடிந்தபாடில்லை.

இருப்பது ஒரே அறை. மேலே தகரக் கூரை. சமையலும் அதற்குள்தான், சண்டையும் அதற்குள்தான். ஒரு மூலையில் பத்தாவது படிக்கும் மகள், எந்த அரசன் எந்த அரசனைத் தோற்கடித்தான் என்று உரக்க உருப்போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் மனைவி தெருப் பெண்களை உட்காரவைத்துக் கடன் குழுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தாள். அவள்தான் குழுத் தலைவி. தலைவிக்கும் தலைவலிக்கும் ஒரு எழுத்துதான் கூடக் குறைய என்பது லிஃப்ட்காரர் மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொள்கிற ஜோக். வெளியே சொன்னதில்லை. துணிச்சலுக்கும் ஒரு அளவு உண்டு.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஒரு பதினோரு மாடிக் கட்டிடத்தில், லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி, ஊரை மேலே ஏற்றிக் கீழே இறக்குகிறவர். ஏழாம் நாள் மத்தியானம் தனியாக, கால் நீட்டி, அடுத்தவன் கால் மேலே விழாமல் கொஞ்சம் தூங்க வேண்டும். அவர் வாழ்க்கையிடம் கேட்டது அவ்வளவுதான்.

கழுத்திலிருந்த காலைத் தூக்கிக் கீழே வைத்தார். அது பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

'ஊரையே மேலே ஏத்தறேன். என் வீட்ல நான் ஏற ஒரு படி உண்டா?' என்று தகரக் கூரையைப் பார்த்துக் கேட்டார். 'எனக்கு மேலே ஒரு ரூம் வேணும். கட்டாம விடமாட்டேன்.'

சபதம் போடக் காசு வேண்டாம். ரூம் போட வேண்டும். ஆனால் பாருங்கள், அன்று சாயங்காலமே அதுவும் வாசல் தேடி வந்தது.

"என்னங்க, நம்ம குழுவுக்கு வீட்டு மேம்பாட்டுக் கடன் கொடுக்கறாங்களாம். 'மலர்ச்சி இல்லம்'னு திட்டம். முதல் வீடு நம்ம வீடுதான்" என்றாள் மனைவி, தராசுத் தட்டைத் துடைத்தபடி. அவள் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவள். கத்தரிக்காயைத் தொடாமலே எது சொத்தை என்று சொல்லிவிடுவாள். புருஷனையும் அப்படித்தான்.

லிஃப்ட்காரர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "கட்டிடுவோம்!"

"கட்டிடுவோம்ங்க. வீட்டோட ஒரு கக்கூஸ்."

"என்னது?"

"கக்கூஸ்."

"கக்கூஸுக்குக் கடனா? ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க."

"ஊருக்கு என்னங்க? வரிசையில நிக்கறது நானும் பொண்ணும்தானே."

தெருக்கோடியில் பொதுக் கழிப்பிடம் ஒன்று உண்டு. நாலு கதவு என்று பேர். ஒன்றுக்குக் கதவே கிடையாது. இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மீதி ஒன்றின் முன்னால் தெருவே நிற்கும். இருட்டியதும் மொத்தத்தையும் பூட்டிவிடுவார்கள். லிஃப்ட்காரருக்கு இதெல்லாம் காதில் விழுந்த சேதி. அவர் வேலை பார்க்கிற கட்டிடத்தில் மாடிக்கு இரண்டு இருந்தது, மணக்க மணக்க.

"இத்தனை நாள் நிக்கலையா? நான் சொல்றதைக் கேளு. மேலே ஒரு ரூம் எடுப்போம்."

"ரூமா? எதுக்கு?"

தூங்க என்று சொன்னால் மரியாதை போய்விடும். அவர் வேறு பக்கமாகப் போனார். "திட்டத்துக்குப் பேர் என்னன்னு சொன்னே?"

"வீட்டு மேம்பாடு."

"பேர்லயே இருக்கு பாரு. மேலே கட்டினாத்தான் மேம்பாடு. கீழே கட்டினா அது வெறும் பாடு."

"அந்தப் பாட்டைத்தானேங்க நாங்க பட்டுக்கிட்டிருக்கோம்" என்றாள் மனைவி.

தூங்குவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த மச்சினன் களுக்கென்று சிரித்தான்.

மறுநாள் கடன் மேடம் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, வாயில் எப்போதும் தயாராக ஒரு சொற்பொழிவு. "அக்கா, இதைக் கடன்னு நினைக்காதீங்க. உங்க வாழ்க்கையோட மலர்ச்சின்னு நினைச்சுக்கங்க" என்றார். வட்டியும் நன்றாகத்தான் மலர்ந்திருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் மேடத்தின் குரல் மொட்டாகிவிட்டது.

"முதல்ல 'முன்பு' போட்டோ எடுத்துக்கறேன். கட்டி முடிச்சதும் 'பின்பு' போட்டோ. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டாத்தான் மேலிடத்துல ரசிப்பாங்க."

போட்டோ என்றதும் லிஃப்ட்காரர் இஸ்திரி போட்ட யூனிஃபார்மை மாட்டி, தொப்பியும் வைத்து, விறைப்பாக வந்து நின்றார்.

"சார், தொப்பி வேணாம். சட்டையையும் கழட்டிடுங்க. கொஞ்சம் கஷ்டமா நில்லுங்க."

"கஷ்டமாத்தான் நிக்கறேன்."

"முகத்துல தெரியல சார். தம்பி, அந்தத் தகரத்தைக் கொஞ்சம் சாய்க்க முடியுமா?"

எத்தனையோ மழைக்குச் சாயாத தகரத்தை மச்சினன் ஒரே தள்ளில் சாய்த்தான். போட்டோ அற்புதமாக வந்தது. தகரம் மட்டும் மறுபடி நிமிரவில்லை.

பிறகு மேடம் விஷயத்துக்கு வந்தார். "அதிகாரம் முழுக்க அக்கா கையில. கடன் அக்கா பேர்ல. திருப்பிக் கட்டற பொறுப்பும் அக்காவோடது. கணவருக்குச் சம்மதம்னு ஒரே ஒரு கையெழுத்து மட்டும் சார் போடணும். அது இல்லாம எதுவும் நடக்காது."

லிஃப்ட்காரர் மீசையைத் தடவினார். அதிகாரம் அவள் கையில், கையெழுத்து தன் கையில்! இப்படி ஒரு அதிகாரத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகட்டுமே.

"மேலே ரூம்னா போடறேன். கக்கூஸ்னா என் பேனாவுல மை கிடையாது."

"பேசிட்டுச் சொல்லுங்கக்கா" என்று மேடம் கிளம்பிவிட்டார்.

அடுத்த சில நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. லிஃப்ட்காரர் அசரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மனைவி அவரிடம் ஒன்றுக்காகக் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்த ருசியில் அவர் உப்பில்லாத சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவள் டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விவரமான புருஷனாக இருந்தால் அந்த டீயைப் பார்த்ததுமே ஓடியிருப்பான்.

"யோசிச்சுப் பார்த்தேங்க. உங்களை மீறி என்ன இருக்கு? ரூமே கட்டிடுவோம்."

டீ புரையேறியது. "நிஜமாவா?"

"ஆனா கூரை மேல பாரம் தாங்காதுன்னு கொத்தனார் சொல்றார். பின்னாடி சந்துல உயரமா எடுத்துக் கட்டிடலாமாம். மழை வந்தா சாக்கடை பொங்குதுல்ல? அதனால தரையோட கட்டக் கூடாதாம். படி ஏறித்தான் போகணும்."

"படி இருக்குல்ல? அது போதும்."

"அடியில ஒரு தொட்டி வரும்."

"தண்ணித் தொட்டியா? நல்லதுதானே."

"தண்ணியும் இருக்கும்ங்க. இடம் கொஞ்சம் சின்னதாத்தான் வரும்."

"நான் என்ன கல்யாண மண்டபமா கேட்டேன்? ஒரு ஆள் போனா போதும்."

"அதான் நானும் சொன்னேன், ஒரு நேரத்துல ஒருத்தர் போனா போதும்னு. கதவு எப்படி?"

"கெட்டிக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள். நான் உள்ளே இருக்கறப்ப ஒரு பய தட்டக் கூடாது."

"தட்டினாலும் நீங்க ஒரு குரல் கொடுத்தா போயிடுவாங்க. ஜன்னல்?"

"சின்னதா, உயரத்துல. வெளியே இருந்து எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது. காத்து மட்டும் வரணும்."

"காத்து போகவும் வேணும்ங்க" என்றாள் மனைவி யோசனையோடு. "தரைக்கு டைல்ஸ்?"

"போடு போடு. ஜில்லுனு இருக்கும்."

"உள்ளேயே ஒரு குழாய்?"

லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய கனவில்கூடக் குழாய் வந்ததில்லை. இவளைப் போய்த் தலைவலி என்று நினைத்தோமே!

"குழாய் வேறயா? எந்திரிச்சதும் அங்கேயே கழுவிக்கலாமே!"

"ஆமாங்க. அங்கேயே கழுவிக்கலாம்."

மூலையிலிருந்த மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். பாவம், பிள்ளைக்கு இருமல் போலிருக்கிறது என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

மேடம் வந்ததும் சம்மதக் கையெழுத்தைப் போட்டார். அதன் கீழே ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்தார்.

"நாளைக்கு மணல் வந்து இறங்கிடும். நீங்களும் தம்பியுமா சந்துக்குள்ள சுமந்து போட்டுட்டா கூலி மிச்சம்" என்றாள் மனைவி.

மணல் என்ற சொல்லுக்கே அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. "எனக்குத் தூசி ஒத்துக்காதே. எங்க அக்கா வேற வரச்சொல்லி ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டிருக்கா."

"அய்யோ, அப்ப வேலை முடியறவரைக்கும் அங்கேயே இருந்துடுங்க. உங்க உடம்பை விடவா?"

அவர் துணிமணி ஏற்கெனவே பையில் மடித்துத் தயாராக இருந்தது. அதையும் அவர் அன்பு என்றே எடுத்துக்கொண்டார். தெருமுனை தாண்டியதும், மணல் சுமக்காமல் தப்பிய தன் சாமர்த்தியத்தை நினைத்து நினைத்துச் சிரித்தார்.

அக்கா வீட்டிலிருந்தபடியே வேலைக்குப் போய்வந்தார். அந்த நாட்களில் லிஃப்ட்டில் ஏறிய யாரும் தப்பவில்லை.

"எத்தனையாவது மாடி சார்? நாலா? நானும் வீட்ல மேலே ஒரு ரூம் எடுக்கறேன் சார்."

"அப்படியா."

"எனக்கே எனக்குன்னு. தரைக்கு டைல்ஸ்."

"சந்தோஷம்ப்பா."

"உள்ளேயே குழாய் சார்!"

நாலாம் மாடிக்காரர் மூன்றிலேயே இறங்கி நடந்தார்.

லிஃப்ட்காரர் ஒரு புதுத் தலையணை வாங்கினார். ஒரு மடக்கு நாற்காலி வாங்கினார். கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவரைப் பிடித்து, கதவில் மாட்ட ஒரு சின்னப் பலகையும் எழுதி வாங்கிக்கொண்டார்: 'உள்ளே ஆள் இருக்கிறது. தட்டாதீர்கள்.'

கடைசியில் மச்சினன் போன் செய்தான். "மாமா, வேலை முடிஞ்சாச்சு. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா."

"விழாவா? என் ரூமுக்கா?"

"ஆமா மாமா. ரிப்பன் எல்லாம் கட்டறாங்க. நீங்க வந்துதான் திறக்கணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தலையணையை அக்குளில் இடுக்கி, நாற்காலியைத் தோளில் மாட்டி, பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, சந்து வாசலில் தெருவே கூடியிருந்தது. ஸ்பீக்கர் இரைந்தது. கடன் மேடம் கத்தரிக்கோலை நீட்டினார். அவர் ரிப்பனை வெட்டி, நெஞ்சை நிமிர்த்திப் படியேறி, கதவைத் திறந்தார்.

அறை அவர் கேட்டபடியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. கெட்டிக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள். உயரத்தில் சின்ன ஜன்னல். ஜில்லென்று டைல்ஸ். பளபளவென்று குழாய். நடுவில் மட்டும் அவர் கேட்காத பீங்கான் ஒன்று, வெள்ளை வெளேரென்று, வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தது. அவரும் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்தார். யார் முதலில் மூடுவது என்று கொஞ்ச நேரம் போட்டி நடந்தது.

"என்ன இது?" என்றார், பின்னாலேயே படியேறி வந்த மனைவியிடம்.

"நீங்க கேட்ட ரூம்ங்க."

"நான் கால் நீட்டிப் படுக்க ரூம் கேட்டேன்!"

"படுக்கன்னு நீங்க சொல்லவே இல்லையே? தனியா இருக்கணும், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, யாரும் தட்டக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. இதை விடத் தனியா எங்கங்க இருக்க முடியும்?" அவர் கையிலிருந்த பலகையை வாங்கிப் படித்தாள். "பாருங்க, நீங்களே பொருத்தமா எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க!" கதவிலிருந்த ஆணியில் அதை மாட்டினாள். கச்சிதமாக இருந்தது.

"இது மோசடி. இப்பவே மைக்கை வாங்கி எல்லாத்தையும் போட்டு உடைக்கறேன்."

"உடைங்க. பீங்கானை மட்டும் விட்டுடுங்க."

அதற்குள் மகள் மேலே வந்து, கதவை ஒரு தடவை சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திறந்தாள். "நல்லா விழுதுப்பா. இனிமே சாயங்காலத்துக்கு மேலயும் தண்ணி குடிக்கலாம்."

"ஏன், இத்தனை நாள் குடிக்கலையா?"

"குடிக்க மாட்டேன்பா. ராத்திரி பூட்டிடுவாங்கல்ல? அம்மாவும்தான் குடிக்க மாட்டாங்க."

நாளைக்கு லீவு என்று சொல்வதைப் போல அதைச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். லிஃப்ட்காரர் படியிலேயே நின்றார். ஒரே அறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். கூரையைத் தவிர வேறு எதையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கீழே மேடம் பேச ஆரம்பித்துவிட்டார். "தனக்குன்னு ஒரு ரூம் வேணும்னு ஆசைப்பட்டார் இந்த மனிதர். ஆனா மனைவியும் மகளும் படற பாட்டைப் பார்த்துட்டு, அந்த ஆசையையே தூக்கிப் போட்டார்! இதை அவர் சொல்லல, அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும்!"

கைதட்டல் எழுந்தது. யாரோ கழுத்தில் மாலையைப் போட்டார்கள். லிஃப்ட்காரருக்காக வாழ்நாளில் யாரும் கைதட்டியதில்லை. லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் யார் தட்டுகிறார்கள்? நடுவில் நின்றுபோனால் தட்டுவார்கள், அதுவும் கதவை.

மைக் கைக்கு வந்தது.

"ஒரு உண்மையைச் சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தார். கீழே இறங்கி நின்ற மனைவி, கத்தரிக்காயைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"உண்மை என்னன்னா..." லிஃப்ட்காரர் மாலையைத் தடவினார். "இது என்னோட நெடுநாள் கனவு."

கைதட்டல் தகரக் கூரைகளை அதிரவைத்தது. ருசி கண்ட பூனை நிற்குமா?

"எங்க வீட்ல சொன்னாங்க, எதுக்குங்க கக்கூஸ், பேசாம மேலே ஒரு ரூம் கட்டிக்கலாமேன்னு. நான்தான் ஒத்துக்கவே இல்ல!"

மனைவி குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. மேடம் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி, பல கோணத்தில் 'பின்பு' போட்டோ எடுத்துக்கொண்டார்.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தோம்" என்றார் மேடம், கூட்டம் கலைந்ததும். "கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம்பிடிக்கிற புருஷனுங்க எல்லாக் குடியிருப்புலயும் இருக்காங்க. அவங்களுக்கெல்லாம் நீங்கதான் வந்து புத்தி சொல்லணும். ஞாயித்துக்கிழமை தோறும்."

"ஞாயித்துக்கிழமையா?" லிஃப்ட்காரர் குரல் உள்ளே போனது. "என்ன கொடுப்பீங்க?"

"டீ கொடுப்போம் சார்."

"தாராளமாக் கூட்டிக்கிட்டுப் போங்க மேடம்" என்றாள் மனைவி. "அவருக்கு இதுதான் உயிர். ஸ்பீக்கர் தூக்க என் தம்பியும் கூட வருவான்."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒவ்வொரு குடியிருப்பாகப் போய், சட்டையில்லாத 'முன்பு' படத்துக்கும் மாலை போட்ட 'பின்பு' படத்துக்கும் நடுவில் நின்று பேசினார். பேச்சு வாரா வாரம் வளர்ந்தது. நாலாவது வாரத்தில் தன் கைக்கடிகாரத்தை விற்று டைல்ஸ் வாங்கியிருந்தார். ஆறாவது வாரத்தில் மணலைத் தன் தலையிலேயே சுமந்திருந்தார். பக்கத்தில் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நின்ற மச்சினன், மணல் நிஜமாகவே யார் தலையில் இறங்கியது என்று ஞாபகம் வந்து, கழுத்தை நீவிக்கொண்டான். பெண்கள் கைதட்டினார்கள். ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். "நீதானாய்யா அது? உன் பேச்சைக் கேட்டுட்டு வீட்ல சோறு போட மாட்டேங்கறா" என்று ஒரு ஆட்டோக்காரர் சட்டையைப் பிடிக்க வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. கூட்டம் ரத்து. மச்சினன் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போனான். லிஃப்ட்காரர் சொட்டச் சொட்ட நனைந்து மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

கதவு சாத்தியிருந்தது. பட்டப்பகலில் தன் வீட்டுக் கதவு சாத்தியிருந்து அவர் பார்த்ததில்லை. தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். ரொம்ப நேரம் கழித்து மனைவி திறந்தாள். கலைந்த தலை, கன்னத்தில் பாயின் தடம்.

"என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். தூங்கிக்கிட்டிருந்தேன்."

உள்ளே எட்டிப் பார்த்தார். அறை வெறிச்சென்று கிடந்தது. நடுவில் ஒரே ஒரு பாய். மகள் படிக்க நூலகத்துக்குப் போயிருந்தாள். குழுக் கூட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றி எத்தனையோ வாரம் ஆகிறதாம். மழைச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமில்லை. லிஃப்ட்காரர் கனவில் கண்ட மத்தியானம் அப்படியே அங்கே விரித்து வைத்திருந்தது.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா?"

"ம்" என்றாள், கொட்டாவியை அடக்கியபடி.

அவருக்குப் பழைய ஆசை மறுபடி முளைத்தது. குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னார்: "நானும் மனுஷன்தானே? இந்தக் கடன் முடிஞ்சதும் இன்னொண்ணு போடுவோம். இந்தத் தடவையாவது நிஜமாவே மேலே ஒரு ரூம் கட்டிடலாம்."

மனைவி வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தாள். வாசலில் கிடந்த குடையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ரூமெல்லாம் எதுக்குங்க வீண் செலவு? நீங்க வெளியே போனாலே வீடு ரெண்டு மடங்கா ஆயிடுது. மழை குறைஞ்சுடுச்சு, கிளம்புங்க."